மஞ்சக் கடுதாசி கொடுத்த சோஃபா கடை: கட்டின பணத்தை யாரிடம் கேட்பது? (பிரிட்டன்)

ஒற்றைத்திண்டு
3 பிப்ரவரி 2025, இரவு 9.12

சோஃபா ஆர்டர், 1,899 பவுண்ட். 200 க்ரெடிட் கார்டில், மீதி 1,699 பேங்க் ட்ரான்ஸ்ஃபர். டெலிவரி மார்ச் கடைசி. கடை இன்று அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய்விட்டது, அதாவது நொடித்துப்போய் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற நிர்வாகியின் கையில். கார்டில் போனது 200 தானே, அதுதான் திரும்பும், மீதிக்குத் தலைமுழுக வேண்டியதுதான் என்கிறார்கள். அப்படித்தானே?

இழைப்புளி
3 பிப்ரவரி, இரவு 9.40

அப்படி இல்லை. 1974ஆம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்தால் போதும். அதில் எவ்வளவு கார்டில் கட்டினீர்கள் என்று சட்டம் கேட்பதே இல்லை. ஒரு பவுண்ட் கட்டியிருந்தாலும் கார்டு கொடுத்த பேங்க், கடையோடு சேர்ந்து முழு ஒப்பந்தத்துக்கும் பொறுப்பு. நீங்கள் கேட்க வேண்டியது 1,899. இருநூறு அல்ல.

இன்று இரவே ஒரு வேலை: கடையின் இணையதளம் இருக்கும்போதே உங்கள் ஆர்டர் பக்கம், டெலிவரி தேதி, பொருளின் விவரம் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் வந்தபின் தளம் ஒரே அறிவிப்புப் பக்கமாகச் சுருங்கிவிடும், லாக்‑இன் போய்விடும். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டில் ஒரு பெயர், பதிவில் வேறு பெயர் என்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம்.

இழைப்புளி
3 பிப்ரவரி, இரவு 9.58

ஒன்று விட்டுப்போனது. பேங்குக்குப் போன் போட்டால் எடுப்பவர் முதலில் “சார்ஜ்பேக் போடுகிறேன்” என்பார், கார்டில் போன பணத்தைக் கடையிடமிருந்து திருப்பி இழுப்பது அது. ஒத்துக்கொண்டால் அந்த 200 மட்டும் வரும், ஃபைலை மூடிவிடுவார்கள். “செக்‌ஷன் 75 க்ளெய்ம், முழு விலைக்கும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பேங்க் ட்ரான்ஸ்ஃபர் போன ஸ்டேட்மென்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஒப்பந்தத்துக்குத்தான் இரண்டு பணமும் போனது என்று காட்டுவது அந்தத் தாள்தான். ஆர்டர் எண்ணை ட்ரான்ஸ்ஃபர் குறிப்பில் போட்டிருந்தால் வேலை சுலபம்.

மூட்டைப்பூச்சி
3 பிப்ரவரி, இரவு 10.31

டெபிட் கார்டு ஆசாமிகளுக்கு என்ன வழி? எல்லாரும் கடன் அட்டை வைத்திருப்பதில்லை ஐயா.

இழைப்புளி
3 பிப்ரவரி, இரவு 10.50

டெபிட் கார்டுக்கு 75 கிடையாது. சார்ஜ்பேக் மட்டும். அது சட்டம் அல்ல, விசாவும் மாஸ்டர்கார்டும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. கார்டில் போன தொகைதான் வரும், அதற்குமேல் வராது. பணம் கட்டிய நாளிலிருந்து 120 நாளுக்குள் போட வேண்டும்.

கணக்குப்பிள்ளை
4 பிப்ரவரி, காலை 7.15

கடைசி வரி தப்பு, திருத்துங்கள். இதை நம்பி பலர் சும்மா இருந்துவிடுவார்கள். பொருள் வராத வழக்கில் 120 நாள் எண்ணுவது பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. டெலிவரி என்று சொன்ன தேதியிலிருந்தோ, இனி வராது என்று தெரிந்த தேதியிலிருந்தோதான். மேல் வரம்பு ஒன்று உண்டு, பணம் கட்டியதிலிருந்து 540 நாள். சோஃபாவுக்கு 14 வாரம் சொல்லி, அப்புறம் இரண்டு முறை தள்ளிப்போட்டாலே கட்டிய நாளிலிருந்து 120 தாண்டிவிடும். அந்தக் கணக்கைப் போட்டு “காலம் கடந்துவிட்டது” என்று பேங்கின் முதல் வரிசை ஆட்களே திருப்பி அனுப்புவது உண்டு.

இழைப்புளி
4 பிப்ரவரி, காலை 7.48

சரிதான், என் தப்பு. மேலே இருப்பதை அழிக்கவில்லை, கீழே திருத்தம் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்புக்குப் பரிகாரமாக இன்னொன்று. 100 பவுண்ட் என்பது பில்லின் மொத்தம் அல்ல, ஒரு பொருளின் விலை. சாப்பாட்டு மேசை 450, நாற்காலி ஒன்று 90 வீதம் ஆறு, என்று தனித்தனியாக பில் போட்டிருந்தால் மேசைக்கு 75 உண்டு, நாற்காலிக்கு இல்லை. அதே ஆறும் மேசையும் “செட், 990” என்று ஒரே வரியில் இருந்தால் எல்லாமே உள்ளே. கால்திண்டு 95 என்று தனி வரியில் இருந்தால் அதற்குச் சார்ஜ்பேக்தான் போக வேண்டும்.

ஒற்றைத்திண்டு
4 பிப்ரவரி, மாலை 6.20

பேங்கில் கேட்டாயிற்று. டெலிவரி தேதி மார்ச் கடைசி, அதுவரை ஒப்பந்தம் மீறப்படவில்லை, ஏப்ரலில் வாருங்கள் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
4 பிப்ரவரி, இரவு 8.05

வழக்கமான பதில். ஆர்டர்களை நிறைவேற்றப் போவதில்லை என்று அட்மினிஸ்ட்ரேட்டர் எழுத்தில் சொன்னால் அன்றைக்கே மீறல்தான், தேதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த ஒரு தாளைப் பிடியுங்கள். கடைத் தளத்தில் இருக்கும் அறிவிப்பு, அட்மினிஸ்ட்ரேட்டர் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் கேள்வி‑பதில் பக்கம், உங்களுக்கு வந்த மெயில், எது கிடைத்தாலும் சரி. ஒன்றும் இல்லையென்றால் நீங்களே மெயில் போடுங்கள். இரண்டே வரி: “ஆர்டர் எண் இது. இதை நிறைவேற்றுவீர்களா, மாட்டீர்களா?” அழுகைக் கதை எழுதினால் பொதுப் பதில்தான் வரும்.

இன்னொரு நுணுக்கம். க்ளெய்ம் வேறு, கம்ப்ளெய்ன்ட் வேறு. க்ளெய்ம் இழுத்துக்கொண்டே போனால் “இதை கம்ப்ளெய்ன்டாகப் பதிவு செய்யுங்கள்” என்று கேளுங்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு எட்டு வாரம். அதற்குள் முடிவான பதில் இல்லையென்றாலோ, மறுத்துவிட்டாலோ, பேங்க் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். நமக்குச் செலவில்லை. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

மூட்டைப்பூச்சி
4 பிப்ரவரி, இரவு 11.02

அப்படியானால் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் வரிசையில் நிற்பது வேஸ்டா?

கணக்குப்பிள்ளை
5 பிப்ரவரி, காலை 6.55

அது பந்தி. யார் எந்தப் பந்தி என்பதை 1986ஆம் வருஷத்துத் திவால் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட சொத்தின் மேல் ஈடு வாங்கிய பேங்க் முதலில். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டரின் சம்பளமும் செலவும். பிறகு ஊழியர்களின் சம்பள பாக்கி, ஆளுக்கு 800 பவுண்ட் வரை, கூடவே விடுப்புச் சம்பளம். 2020 டிசம்பரிலிருந்து வாட், ஊழியரிடம் பிடித்த வரி இவற்றுக்காக வரித்துறையும் நமக்கு முன்னே வந்து உட்கார்ந்துவிட்டது. அட்வான்ஸ் கட்டினவர் ஈடில்லாதவர், கடைசிப் பந்தி. இலை போடுவதற்குள் பாத்திரம் கழுவிவிடுவார்கள்.

அந்தக் கடைசிப் பந்திக்கென்று கொஞ்சம் ஒதுக்குவது உண்டு. மிதக்கும் ஈட்டில் (சரக்கு போல மாறிக்கொண்டே இருக்கும் சொத்தின் மேல் வாங்கிய ஈடு) இருந்து வரும் நிகரத் தொகையில் முதல் 10,000த்தில் பாதி, மீதியில் ஐந்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 8 லட்சம் பவுண்ட். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிகரம் 5 லட்சம் என்று வையுங்கள். 5,000 + 98,000 = 1,03,000. ஈடில்லாக் கடன் மொத்தம் 2 கோடி பவுண்ட் என்றால், பவுண்டுக்கு அரை பென்னி சொச்சம். 1,200 பவுண்ட் கட்டினவருக்கு 6 பவுண்ட் 18 பென்ஸ். அதிலும் பங்கு பிரிக்கிற செலவு கழியும். வருவதற்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்.

ஆனாலும் பதிவு செய்யுங்கள். ஃபாரம் ஒரு பக்கம்தான். 1,000 பவுண்டும் அதற்குக் குறைவுமான பாக்கி கம்பெனிக் கணக்கிலேயே இருந்தால், ஃபாரம் இல்லாமலேயே ஏற்றுக்கொள்ளவும் விதி உண்டு.

மூட்டைப்பூச்சி
5 பிப்ரவரி, காலை 8.10

6 பவுண்ட் 18 பென்ஸ். சோஃபாவில் ஒரு பட்டன் வாங்கலாம்.

இழைப்புளி
5 பிப்ரவரி, மதியம் 1.25

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பந்தியில் உங்களுக்கு இடம் எது என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை. பணம் எந்த வழியாகப் போனது என்பதுதான் விஷயம். கார்டு வழியாகப் போயிருந்தால் கேட்க வேண்டிய ஆள் மூடின கடை அல்ல, திறந்திருக்கும் பேங்க்.

ஃபைனான்ஸில் வாங்கினவர்களுக்கும் இதே கதை. மூன்று, நான்கு வருஷ வட்டியில்லாக் கடன் கொடுத்தது கடை அல்ல, பின்னால் இருக்கும் கடன் கம்பெனி. கடையும் அதுவும் ஏற்பாடு செய்துகொண்டு கொடுத்த கடனுக்கு 75 பொருந்தும். இங்கே பலர் செய்யும் தப்பு: கோபத்தில் மாதாந்திர டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிடுவது. கடை மூடியதால் கடன் கம்பெனிக்குக் கட்ட வேண்டியது தானாக ரத்தாகாது. நிறுத்தினால் உங்கள் க்ரெடிட் ரெக்கார்டில் கறை விழும். கட்டிக்கொண்டே க்ளெய்ம் போடுங்கள். ஒத்துக்கொண்டதும் கட்டினதைத் திருப்பி, பாக்கியை அழிப்பார்கள். தொந்தரவு உள்ள இடம் 12 மாதத்துக்குள் முடியும் வட்டியில்லாத் தவணை. 2025 நிலவரப்படி அது பெரும்பாலும் ஒழுங்குமுறைக்கு வெளியே, அதனால் 75உம் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளில் “1974 சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒப்பந்தம்” என்று தலைப்பில் இருக்கிறதா பாருங்கள்.

தோதகத்தி
6 பிப்ரவரி, காலை 10.44

பேங்க் ட்ரான்ஸ்ஃபர் மோசடிக்கு 85,000 பவுண்ட் வரை திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் விதி வந்ததே. முழுக்க ட்ரான்ஸ்ஃபரில் கட்டினவர்கள் அதில் போகலாமே?

கணக்குப்பிள்ளை
6 பிப்ரவரி, காலை 11.20

போக முடியாது. அது ஏமாற்றிப் பணம் அனுப்ப வைத்தவனுக்கு எதிரானது. நிஜமான கடை, நிஜமான ஆர்டர், பிறகு கடை நொடித்தது என்றால் அது சிவில் தகராறு, விதியிலேயே விலக்கு. அடுத்த வாரம் மூடப்போகிறோம் என்று தெரிந்தே ஆர்டர் வாங்கினார்களே, அது மோசடி இல்லையா என்றால், மனசுக்கு மோசடிதான். ஆனால் அந்தக் குற்றச்சாட்டைத் தூக்கிக்கொண்டு டைரக்டர்கள் மேல் போகிற உரிமை லிக்விடேட்டர் (கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்பவர்), அட்மினிஸ்ட்ரேட்டர் கையில் இருக்கிறது. வரும் பணமும் பொதுச் சட்டியில் விழும். தனி வாடிக்கையாளர் ஸ்மால் க்ளெய்ம்ஸில் (சிறு தொகை வழக்கு) போட்டால், அட்மினிஸ்ட்ரேஷன் நடக்கும்வரை அனுமதி இல்லாமல் வழக்கு நகராது. கோர்ட் கட்டணம் வேறு தண்டம்.

தோதகத்தி
6 பிப்ரவரி, மாலை 5.02

சரி, என் பெயர் ஒட்டின மெத்தை கோடவுனில் இருக்கிறதாம். ட்ரைவரே சொன்னார். அது என்னுடையதுதானே? போய் எடுத்துக்கொண்டு வரலாமா?

இழைப்புளி
6 பிப்ரவரி, இரவு 9.30

இந்த இழையிலேயே சுவையான கேள்வி. பதில்தான் கசப்பு.

1979ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டப்படி, பலவற்றில் எது உங்களுடையது என்று பிரித்து அடையாளம் கண்டால்தான் உரிமை மாறும். அதன் பிறகும் “இது இவருக்கு” என்று திரும்பப் பெறமுடியாத விதத்தில் ஒதுக்கியிருக்க வேண்டும். லேபிள் ஒட்டினது ஒதுக்கியதா, இல்லை கோடவுன்காரரின் சௌகரியத்துக்கு ஒட்டினதா? லேபிளைக் கிழித்து வேறொருவருக்கு அனுப்பும் வழக்கம் அந்தக் கடையில் இருந்தால் ஒதுக்கியதாகாது. ஒப்பந்தத்தில் “டெலிவரியின்போதே உரிமை மாறும்” என்று ஒரு வரி இருந்தால் பேச்சே இல்லை. அந்த வரியைத் தேடிப் பாருங்கள், “உரிமை” அல்லது “ரிஸ்க்” என்ற தலைப்பின் கீழ் இருக்கும். உங்கள் ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த திரை, உங்கள் அறைக்கு அறுத்த அலமாரி என்றால் வாதம் கொஞ்சம் பலம். இந்தக் குழப்பத்தைச் சரிசெய்யச் சட்ட ஆணையம் 2021இல் ஒரு அறிக்கையும் சட்ட வரைவும் கொடுத்தது. சட்டமாகவில்லை.

கோடவுன் வேறொருவருடையது என்றால் இன்னொரு சிக்கல். கடை அவருக்கு வாடகையோ லாரிக் கூலியோ பாக்கி வைத்திருந்தால், பாக்கி தீரும்வரை சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்கலாம். ட்ரைவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்ள யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். ரசீது கிடைக்காது, பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் “அது எங்கள் சரக்கு” என்று கடிதம் போடுவார்.

மூட்டைப்பூச்சி
7 பிப்ரவரி, காலை 7.30

ஏற்கெனவே வீட்டுக்கு வந்த சோஃபாவை, பணம் வராத ஃபேக்டரிக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போவானா? உட்கார்ந்துகொண்டு கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை
7 பிப்ரவரி, காலை 8.00

நிம்மதியாக உட்காருங்கள். “காசு வரும்வரை சரக்கு என்னுடையது” என்று சப்ளையர் ஒப்பந்தம் போடுவது உண்டு. 1976இல் ரோமால்பா என்ற கம்பெனிக்கு எதிரான வழக்கில் அதன் சப்ளையர் ஜெயித்ததால் அந்தப் பெயராலேயே அழைப்பார்கள். அது கடையில் விற்காமல் கிடக்கும் சரக்கைப் பிடிக்கும். கடையில் நல்லெண்ணத்தோடு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவரிடம் செல்லாது.

ஒற்றைத்திண்டு
10 பிப்ரவரி, மாலை 7.15

அட்மினிஸ்ட்ரேட்டரிடமிருந்து பதில் வந்தது. என் ஆர்டரை நிறைவேற்ற மாட்டார்களாம். ஆனால் தெரிந்த ஒருவருக்கு, அதே கடை, அதே மாடல், 10 சதவீதம் மட்டும் கட்டியவர், “மீதியைக் கட்டினால் டெலிவரி தருகிறோம்” என்று போன் வந்திருக்கிறது. முழுக்கக் கட்டினவன் முட்டாளா?

இழைப்புளி
10 பிப்ரவரி, இரவு 8.45

கணக்குப்படி அப்படித்தான் ஆகும். உங்கள் சோஃபாவை முடித்து அனுப்பினால் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு லாரிச் செலவுதான், வரவு சைபர். அவருக்கு அனுப்பினால் 90 சதவீதம் புதுப்பணம். சரக்கை முடிக்க ஆகும் செலவைவிட வரவேண்டிய பாக்கி அதிகம் இருந்தால் அனுப்புவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். ஓர வஞ்சனை ஒன்றுமில்லை, கடன் கொடுத்தவர்களுக்குக் கூடுதலாகத் தேற்றுவது அவர் வேலை.

போன் வந்தவருக்குச் சொல்லுங்கள்: முதலில் போனை வைத்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு இவரே கூப்பிட வேண்டும். கடை மூடிய செய்தி வந்த வாரமே போலி ஆட்கள் வாடிக்கையாளர்களைக் கூப்பிடத் தொடங்குவார்கள். நிஜம்தான் என்றால், சரக்கு கோடவுனில் முழுதாக இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி, க்ரெடிட் கார்டில் மட்டும், முடிந்தால் டெலிவரி அன்று கட்ட வேண்டும். வந்ததும் பிரித்துப் பார்த்து கால், திருகாணி, துணி எல்லாம் சரிபார்க்க வேண்டும். விட்டால் மாற்றித் தர ஆள் இல்லை.

தோதகத்தி
11 பிப்ரவரி, காலை 9.10

இணையத்தில் அந்தக் கடைப் பெயரை வேறொரு பெரிய கம்பெனி வாங்கப் போகிறது என்று பேச்சு. வாங்கினால் நம் ஆர்டரும் சேர்ந்து போகுமா?

கணக்குப்பிள்ளை
11 பிப்ரவரி, காலை 9.55

போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேட் டாட் காம் என்ற இணைய மரச்சாமான் கடை நல்ல பாடம். 2021 ஜூனில் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. 2022 அக்டோபர் கடைசியில் புது ஆர்டர் எடுப்பதை நிறுத்தியது, நவம்பரில் அட்மினிஸ்ட்ரேஷன். அதன் பெயர், இணைய முகவரி, டிசைன் உரிமை ஆகியவற்றை நெக்ஸ்ட் கம்பெனி 34 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பாக்கி ஆர்டர்களை வாங்கவில்லை. முதலில் பணம், பிறகு தூரக் கிழக்கில் தயாரிப்பு, பிறகு கப்பல் என்ற முறை அது. கடை விழும்போது தயாரித்தே முடியாதவற்றுக்குப் பணம் கட்டியவர்கள் கடைசிப் பந்திக்குப் போனார்கள். தளம் பின்னால் அதே பெயரில் வந்தது. பெயர் ஒன்று, கம்பெனி எண் வேறு. 2008 நவம்பரில் எம்.எஃப்.ஐ என்ற மரச்சாமான் கடை விழுந்தபோதும் கட்டின சமையலறை அலமாரிகளுக்காக மக்கள் இதே வரிசையில்தான் நின்றார்கள்.

இழைப்புளி
11 பிப்ரவரி, இரவு 10.20

தடம் மாறுகிறது, இருந்தாலும். கடை நினைத்தால் இதைத் தவிர்க்க முடியும். 1975இல் கேஃபோர்ட் என்ற அஞ்சல்வழி வியாபாரக் கம்பெனி வழக்கு. நிலைமை மோசமாகிறது என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் முன்பணத்தைத் தனி அக்கவுண்டில் போட்டார்கள். அது வாடிக்கையாளர்களுக்கான டிரஸ்ட், கடன் கொடுத்தவர்கள் தொடமுடியாது என்றது கோர்ட். இன்றைக்கும் சட்டம் அதுதான். ஆனால் அந்த அட்வான்ஸை வைத்துத்தான் போன மாத ஃபேக்டரி பில்லைக் கட்டுகிறார்கள், தனியாக எடுத்து வைத்தால் கடை அடுத்த வாரம்வரைகூடத் தாங்காது.

2006இல் ஃபேர்பேக் என்ற சேமிப்புத் திட்டக் கம்பெனி விழுந்து கிறிஸ்துமஸ் சேமிப்பு போன பிறகு இதைப் பற்றி நிறையப் பேசினார்கள். கார்டு வழி இல்லாமல், கடை விழுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 250 பவுண்டும் அதற்கு மேலும் கட்டியவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று சட்ட ஆணையம் 2016இல் சொன்னது. அதுவும் ஏட்டுச் சுரைக்காய். அமெரிக்காவில் நுகர்வோர் முன்பணத்துக்குத் திவால் சட்டத்திலேயே முன்னுரிமை உண்டு, 2022இல் வைத்த வரம்பு 3,350 டாலர்.

மூட்டைப்பூச்சி
12 பிப்ரவரி, காலை 7.05

கறை பிடிக்காமல் ஐந்து வருஷ கவர் என்று 99 பவுண்ட் தனியாக வாங்கினார்களே, அது?

கணக்குப்பிள்ளை
12 பிப்ரவரி, காலை 7.20

சான்றிதழின் பின்பக்கம் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் கடை போனாலும் கவர் உயிரோடு இருக்கும். கடையின் பெயர் மட்டும் இருந்தால் அதுவும் கடையோடு போனது.

ஒற்றைத்திண்டு
27 மார்ச், இரவு 8.30

1,899 முழுசாக பேங்க் ஒத்துக்கொண்டது. அட்மினிஸ்ட்ரேட்டரின் மெயிலைக் கொடுத்தபின் “ஏப்ரலில் வாருங்கள்” பேச்சு நின்றுவிட்டது. கார்டு யார் பெயரில், ஆர்டர் யார் பெயரில் என்று இரண்டு முறை கேட்டார்கள், ஏன்?

இழைப்புளி
27 மார்ச், இரவு 9.05

அங்கேதான் பல க்ளெய்ம் விழும். கார்டின் முதல் உரிமையாளரும் கடையோடு ஒப்பந்தம் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். கணவர் அக்கவுண்டில் மனைவிக்குக் கூடுதல் கார்டு, ஆர்டரும் மனைவி பெயரில் என்றால் மறுக்க இடம் கிடைக்கிறது. பொருள் இருவர் வீட்டுக்கும் என்று காட்டினால் சில சமயம் தேறும். பேபால் போல நடுவில் ஒருவர் புகுந்தாலும் இதே சிக்கல்.

கணக்குப்பிள்ளை
27 மார்ச், இரவு 9.40

அட்மினிஸ்ட்ரேட்டரிடம் 1,899க்கு ஃபாரம் போட்டிருந்தீர்கள் இல்லையா? பேங்க் பணம் கொடுத்துவிட்டது என்று எழுதி வாபஸ் வாங்கிவிடுங்கள். கடையிடம் இனி கேட்கும் உரிமை பேங்குக்கு. அந்த அரை பென்னியை அவர்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும்.